ஒரு பென் டிரைவும் பதினான்கு நோட்டீஸ்களும்: அப்டேட் வந்த வழி

போன செப்டம்பர் தொடக்கத்தில் நம் குடியிருப்பில் 14 வீடுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்று சங்கத்திலிருந்து நோட்டீஸ் போனது. பதினான்கு பேருமே கட்டியிருந்தார்கள். கையில் ரசீதும் வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் அதன்பிறகு என்ன நடந்தது என்பதை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை, நீங்களே படித்திருப்பீர்கள். அலுவலகத் தம்பியின் மேல் சந்தேகப்பட்டு இரண்டு பேர் எழுதியதைப் பிறகு அவர்களே அழித்துவிட்டார்கள். அது வரைக்கும் நல்லது.

நடந்தது இதுதான். சங்கத்தின் கணக்கு முழுவதும் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கணினியில் அதன் பெயர் இ டிரைவ். ஆகஸ்ட் 13, புதன்கிழமை மாலை, ஆடிட்டருக்குக் கொடுப்பதற்காக அந்தக் கணக்கு ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தோம். பென் டிரைவைக் கழற்ற மறந்துவிட்டோம். அன்று இரவு விண்டோஸ் அப்டேட் தானாக ஓடி, கணினி தானாக அணைந்து, தானாக எழுந்தது. எழுந்தபோது எழுத்துகள் இடம் மாறியிருந்தன. பென் டிரைவ் இ ஆகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் எஃப் ஆகிவிட்டது. கணக்கு மென்பொருளுக்கு இ டிரைவைத்தான் தெரியும். அங்கே அதே பெயரில் ஃபோல்டர், அதற்குள் அதே கணக்கு. திறந்தது. மூன்று வாரம் தம்பி ஒழுங்காக ரசீது போட்டார், எல்லாம் பென் டிரைவில். பிறகு பென் டிரைவ் ஆடிட்டர் வீட்டுக்குப் போனது, ஹார்ட் டிஸ்க் மறுபடி இ ஆனது, மூன்று வார ரசீதுகள் கணக்கில் இல்லை. பாக்கிப் பட்டியல் எடுத்தோம். நோட்டீஸ் அடித்தோம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகு நான் கேட்டுக்கொண்ட கேள்வியை நீங்களும் உங்கள் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள்: நான் கேட்காமலே ராத்திரியில் எழுந்து தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமையை இந்தப் பெட்டிக்கு யார் கொடுத்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பழைய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மென்பொருள் திருத்தத்துக்கு 'பேட்ச்' என்று பெயர். பேட்ச் என்றால் ஒட்டு; கிழிந்த சட்டைக்குப் போடும் அதே ஒட்டு. இது உவமையாக வந்த சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நிஜமாகவே ஒட்டுதான். 1944இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 என்ற கணினிக்கு, கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு துளை தப்பான இடத்தில் விழுந்துவிட்டால் அதன்மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். அந்த ஒட்டுகளோடு இருக்கும் நாடாவின் புகைப்படத்தை நீங்கள் இன்றும் பார்க்கலாம். ஒட்டுப் போட்டவருக்குத் தான் எதை மூடுகிறோம் என்று தெரியும். கணினியும் அவர் சொன்ன பிறகுதான் ஓடும்.

1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்த பிறகு நிலைமை மாறியது. ஒரே இயங்குதளம், பல ஊர்களில், பல நிறுவனங்களில். திருத்தம் ஐபிஎம்மிலிருந்து வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'தற்காலிகத் திருத்தம்' என்பது. தற்காலிகம் என்று பெயர் வைத்த திருத்தங்கள் வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடும் என்று அந்தக் காலத்து ஆட்கள் கேலி செய்வார்கள். நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாய்க்குப் போட்ட ரப்பர் கட்டு ஞாபகம் வருகிறது. அந்த இயங்குதளத்தை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கிய ஃப்ரெட் புரூக்ஸ், பின்னால் 1975இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு பிழையைத் திருத்தும்போது வேறொரு புதுப் பிழை நுழைவதற்கு 20 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வீட்டுக்குக் கணினி வந்த காலத்தில் அப்டேட் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அதை 13 ஃப்ளாப்பிகளில் கூட விற்றார்கள். அதே மாதம் 15ஆம் தேதிதான் விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசிக் கம்பியில் கீச் கீச்சென்று கத்திவிட்டு இணையும் மோடம். அதில் ஒரு பெரிய திருத்தத்தை இறக்குவதென்றால் ராத்திரி முழுக்க போன் எங்கேஜ்டாக இருக்கும். கணினி இதழ்களோடு இலவசமாக வந்த சிடியில் திருத்தங்கள் இருக்கும், யார் போட்டார்கள்? ஒருமுறை போட்ட விண்டோஸ் கணினி உடையும் வரை அப்படியே கிடந்தது. 1998இல் விண்டோஸ் 98உடன் 'விண்டோஸ் அப்டேட்' என்ற வசதி வந்தது. அப்போதும் நாமாகப் போய்த் தேடி எடுத்தால்தான் உண்டு.

இந்த நிம்மதி 2003இல் போனது.

அதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கைகள் வந்திருந்தன. 2001 ஜூலையில் கோட் ரெட், 2003 ஜனவரியில் ஸ்லாமர். இரண்டுமே, ஏற்கெனவே திருத்தம் வெளியாகியிருந்த ஓட்டைகள் வழியாகத்தான் நுழைந்தன. ஸ்லாமருக்கு ஆறு மாதம் முன்னாலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அவை பெரும்பாலும் நிறுவனங்களின் சர்வர்களைத் தாக்கியவை. வீட்டுக்காரர்கள் செய்தித்தாளில் படித்துவிட்டு விட்டுவிட்டார்கள். 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் வீட்டுக்குள்ளேயே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: எதையும் திறக்க வேண்டாம், இணையத்தில் இணைந்தால் போதும், '60 விநாடியில் கணினி அணையப் போகிறது' என்று ஒரு சிறு பெட்டி வந்து எண்ணத் தொடங்கும். திருத்தத்தை இறக்கலாம் என்றால் அறுபது விநாடிக்குள் எப்படி இறக்குவது? அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே திருத்தம் கொடுத்திருந்தது. பிளாஸ்டர் கிளம்பியது ஆகஸ்ட் 11. இருபத்தாறு நாள். அந்த இருபத்தாறு நாளில் யாரும் போடவில்லை, ஏனென்றால் போடச் சொல்லி யாரும் நம் கதவைத் தட்டவில்லை.

இன்னொன்று. பிளாஸ்டரை எழுதியவர், ஆகஸ்ட் 16 அன்று எல்லாக் கணினிகளும் சேர்ந்து விண்டோஸ் அப்டேட் முகவரியையே தாக்கும்படி அதில் எழுதி வைத்திருந்தார். மருந்துக் கடையையே கொளுத்துகிற வேலை. மைக்ரோசாஃப்ட் அந்த ஒரு முகவரியை முன்கூட்டியே எடுத்துவிட்டுத் தப்பித்தது.

இரண்டு மாதம் கழித்து, 2003 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் திருத்தங்களுக்கு ஒரு நாள் குறித்தது: ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய். தோன்றியபோதெல்லாம் வந்துகொண்டிருந்தால் நிறுவனங்களில் யாராலும் திட்டமிட முடியவில்லை; செவ்வாயில் வந்தால், ஏதாவது கெட்டாலும் சரிசெய்ய அந்த வாரத்தில் மிச்ச நாள்கள் உண்டு. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்பது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே நம் ஊரில் கணினி முரண்டு பிடிப்பது பெரும்பாலும் புதன், வியாழன்களில். உங்கள் நாள்காட்டியில் அமாவாசைக்குப் பக்கத்தில் இதையும் குறித்து வையுங்கள். நம்முடைய ஆகஸ்ட் 13 எந்த நாள் என்று பாருங்கள்: இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த நாள்.

அடுத்த நாளுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. திருத்தம் வெளியானவுடன் அதைப் பிரித்துப் பார்த்து, எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று திருடர்களும் தெரிந்துகொள்கிறார்கள். பூட்டு மாற்றுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், யார் வீட்டுப் பூட்டு பழையது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? அதனால்தான் திருத்தம் வந்த பிறகு போடாமல் இருப்பது, திருத்தமே வராமல் இருப்பதைவிடச் சில சமயம் ஆபத்து.

இது வரை படித்தால், அப்டேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் எக்ஸ்டர்னல் டிஸ்க் கதைக்குள் வருகிறது.

யூஎஸ்பி 1996இல் வந்தது. இன்டெல்லில் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். அதற்கு முன் வீட்டுக் கணினியில் ஒரு டிஸ்க்கைக் கூடுதலாக இணைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பெட்டியைத் திறக்க வேண்டும். பிறகு செருகினால் போதும் என்றானது. செருகினால் போதும் என்ற பிறகு, செருகியதை மறந்துவிடுவதும் தொடங்கியது.

2001 நவம்பரில் ஆப்பிள் ஐடியூன்ஸின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. பாட்டுக் கேட்கும் மென்பொருள்தான். புதியதைப் போடும் முன் பழையதை அழிக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு வரிக் கட்டளை எழுதியிருந்தார்கள். டிஸ்க்கின் பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட மறந்துவிட்டார்கள். டிஸ்க்கின் பெயரில் இடைவெளி இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒருவர் தன் ஒரு டிஸ்க்குக்கு 'வீடு' என்றும் இன்னொன்றுக்கு 'வீடு 2' என்றும் பெயர் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வீடு 2இல் இருக்கும் பழைய ஐடியூன்ஸை அழி' என்ற கட்டளையைக் கணினி 'வீடு' என்பதோடு நிறுத்திப் படித்தது. 'வீடு' முழுவதும் போயிற்று. ஆப்பிள் அதை உடனே திரும்பப் பெற்று வேறொன்று வெளியிட்டது. ஒரு இடைவெளி, இரண்டு மேற்கோள்குறி, இவ்வளவுதான் விஷயம். பல வருடங்களாக நான் என் டிஸ்க்குகளுக்கு இடைவெளி இல்லாமல் பெயர் வைப்பது இதனால்தான். மூடநம்பிக்கை என்று என் மகள் சொல்கிறாள்.

2003 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் செவ்வாய்க்கிழமையைக் குறித்த அதே மாதத்தில், ஆப்பிளின் பேந்தர் இயங்குதளம் வெளியானது. ஃபயர்வயர் 800 வகை எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இணைத்தபடி அதற்கு மாறிய சிலருக்கு, மறுதொடக்கத்துக்குப் பிறகு டிஸ்க்கில் இருந்தவை காணவில்லை. டிஸ்க் பெட்டிக்குள் இருந்த ஒரு சிறு சில்லின் பழைய உள்மென்பொருளுக்கும் புது இயங்குதளத்துக்கும் ஒத்துப்போகவில்லை. மாற்றும் முன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள் என்று ஆப்பிளே அறிவித்தது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த டிஸ்க்குகளைப் பலர் வைத்திருந்ததே பேக்கப்புக்காக. அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுங்கள் என்ற அறிவுரையை ஒழுங்காகக் கேட்டு, எடுத்துவிட்டு, கழற்றாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் கதை உண்டு. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர், திருத்தம் போடாத கணினிகளில் வலைப்பின்னல் வழியாகவும், பிறகு பென் டிரைவ் வழியாகவும் பரவியது. பென் டிரைவைச் செருகியவுடன் விண்டோஸ் தானாக ஒரு பெட்டியைத் திறந்து என்ன செய்யட்டும் என்று கேட்குமே, அந்த உபசாரத்தையே அது பயன்படுத்திக்கொண்டது. அதற்கான திருத்தம் அக்டோபர் 23 அன்றே வந்திருந்தது. பென் டிரைவின் அந்தத் தானியங்கி வசதியை எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் அப்டேட் வழியாகவே முடக்கியது 2011 பிப்ரவரியில்.

2017 மே 12 அன்று வன்னாக்ரை. பிரிட்டனில் அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது, அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் சில முடங்கின. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. திருத்தம் எப்போது வந்தது? மார்ச் 14. அதாவது மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய். வன்னாக்ரை கணினியில் இருக்கும் ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்கவில்லை. அப்போது செருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தவற்றையும் சேர்த்துப் பூட்டியது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இது.

மைக்ரோசாஃப்ட் இதற்குள் முடிவெடுத்துவிட்டிருந்தது. சொன்னால் கேட்க மாட்டார்கள், நாமே போட்டுவிடலாம். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் வீட்டுப் பதிப்பு வைத்திருந்தவர்களால் அப்டேட்டை வேண்டாம் என்று சொல்லவே முடியவில்லை. பிளாஸ்டரையும் வன்னாக்ரையையும் பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் புரூக்ஸ் சொன்ன 20 முதல் 50 சதவீதம் எங்கே போகும்?

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் அரையாண்டுப் பெரிய அப்டேட் வெளிவந்தது. சில நாள்களிலேயே நிறுத்தினார்கள். சிலருடைய டாக்குமென்ட்ஸ், படங்கள் ஃபோல்டர்களில் இருந்தவை அழிந்துபோயிருந்தன. யாருக்கு என்று பாருங்கள். சி டிரைவில் இடம் போதாமல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியவர்கள். மாற்றும்போது பழைய இடத்தில் இருந்த ஃபைல்கள் சில அங்கேயே தங்கிவிட்டன. காலியான பழைய ஃபோல்டர் எதற்கு என்று அப்டேட் அதைத் துடைத்துவிட்டது. அது காலி இல்லை. பாதிக்கப்பட்டதாகப் புகார் செய்தவர்கள் போட்டவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது மைக்ரோசாஃப்ட். அந்த ஒருவருக்கு அது நூறு சதவீதம். இன்னும் வருத்தமானது, முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்தவர்களில் சிலர் இதே புகாரை முன்பே எழுதியிருந்தார்கள். புகார்க் குவியலில் அது கவனிக்கப்படவில்லை. திருத்தி மறுபடி வெளியிட்டது நவம்பர் 13 அன்று.

அடுத்த பெரிய அப்டேட், 2019 மே. இந்த முறை கவனமாக இருந்தார்கள். எக்ஸ்டர்னல் யூஎஸ்பி டிஸ்க்கோ மெமரி கார்டோ செருகியிருந்தால் அப்டேட் ஓடவே மறுத்தது. ஏன் தெரியுமா? செருகியிருக்கும் டிரைவின் எழுத்து அப்டேட்டில் மாறிவிடக்கூடும். ஜி என்று இருந்தது ஹெச் ஆகிவிடலாம் என்று அவர்களே உதாரணம் கொடுத்திருந்தார்கள். ஆறு வருடம் கழித்து நம் அலுவலகத்தில் இ, எஃப் ஆனபோது எனக்கு இந்த அறிவிப்பு ஞாபகத்துக்கு வரவே இல்லை. இரண்டாம் நாள்தான் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

2024 ஜூலை 19 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உங்களில் ஒருவராவது அன்று விமான நிலையத்தில் நின்றிருப்பீர்கள்.

இனி நம் வீட்டு விஷயம். விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை. நம் அலுவலகக் கணினி விண்டோஸ் 10. அது பழையது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லு அதில் இல்லை. ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்வி. எக்ஸ்பிக்குத் திருத்தம் 2014 ஏப்ரலில் நின்ற பிறகும் 'ஓடுகிறதே' என்று வைத்திருந்த மருத்துவமனைகளும் ஆலைகளும் உண்டு. நம்மிடம் இருப்பது கார்பஸ் நிதிக் கணக்கும், ஒவ்வொரு வீட்டின் பத்திர நகலும், வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகலும். புதுக் கணினி வாங்கலாம், அல்லது அதே பெட்டியில் லினக்ஸ் போடலாம். கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடாது என்பதால் நான் முதலாவதற்கே வாக்களிப்பேன்.

அதுவரை அலுவலகத்தில் நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இசட் என்ற எழுத்தைக் கொடுத்து, மென்பொருளிலும் அதையே மாற்றிவிட்டோம். தானாக வரும் எழுத்துகள் முன்பக்கத்திலிருந்து வருவதால் கடைசி எழுத்தோடு மோத வாய்ப்புக் குறைவு. கணக்கின் நடப்புப் பிரதி இப்போது கணினிக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது நகல் மட்டும். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மாலை நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, அலுவலக அலமாரியில் பூட்டுகிறோம். பாதுகாப்புத் திருத்தங்களை அந்த வாரமே போடுகிறோம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றமென்றால் ஒரு மாதம் பொறுக்கலாம் என்பது என் கட்சி. 2018 அக்டோபரில் பொறுத்தவர்கள் பிழைத்தார்கள். மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை நாளில் அப்டேட்டைத் தொடுவதில்லை. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் விழும் அந்தச் சில விநாடி இருட்டு போதும், பாதியில் நிற்க. மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகியே போடுங்கள்.

இன்னொன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். புதுக் கணினிகளில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்ற பூட்டுக்குள் இருக்கலாம். 2024 ஜூலை மாதத் திருத்தத்துக்குப் பிறகு சில கணினிகள் எழுந்தவுடன் அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவியைக் கேட்டன. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கல்லூரிக்குப் போய்விட்ட மகனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். இன்றே எடுத்து ஒரு நோட்டில் எழுதி, கேஸ் புத்தகத்தோடு வையுங்கள்.

அந்தப் பதினான்கு வீடுகளின் ரசீதுகளையும் ஆடிட்டரிடமிருந்து திரும்பி வந்த பென் டிரைவிலிருந்து எடுத்து, தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரியான கணக்கில் ஏற்றினோம். காசு எதுவும் தவறவில்லை. திருத்திய பட்டியல் இந்த இதழின் கணக்குப் பகுதியில் இருக்கிறது; உங்கள் வீட்டு எண்ணைப் பார்த்துச் சரி என்று அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. பணம் அல்ல, கையெழுத்து.